விட்டுப்போன கட்டம்

சாயப்பாளையத்தில் செத்துப்போனவர்கள் படுக்கை விரிப்பில் வந்து உட்கார்ந்த வருஷத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லித் திரிகிறார்கள், கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் அந்த விரிப்புகள் அத்தனையையும் சந்தையில் உட்கார்ந்து விற்றவள் நான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டவன் ஒருத்தனும் இல்லை.

என் பேர் வேலாத்தா. செகண்ட்ஸ் வேலாத்தா என்றால்தான் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரியும். கம்பெனிக்காரன் குறை என்று கழித்துப் போடுகிற சரக்குக்கு எங்கள் பக்கம் செகண்ட்ஸ் என்று பேர். சாயம் ஒழுகின லுங்கி, கரை கோணின துண்டு, ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமாய்த் தைத்த சட்டை, மூக்கில்லாத யானை போட்ட திரைச்சீலை, இதையெல்லாம் வாங்கி விற்றுத்தான், கட்டினவன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து, நானும் என் மகள் கோகிலவாணியும் சாப்பிட்டோம். படித்தவள் இல்லை நான். ஆனால் துணியை உதறினால் ஆயிரம் பூவுக்கு நடுவில் எது இல்லை என்று என் கண் போய் நிற்கும். யார் கண்ணும் அப்படித்தான் நிற்கும், சந்தேகம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், இருக்கிற பூவை எவன் பார்க்கிறான்?

பேரம் என்றால் பிரிண்டிங் பட்டறைக்காரர்களுக்கு என்னைக் கண்டு குலை நடுங்கும். மேனேஜர் சென்னியப்பன் ஒரு விலை சொல்வான், நான் துணியை அவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, "இதைப் போர்த்திக்கிட்டுப் படுத்தா உன்ற பொண்டாட்டி உன்னைய நாயின்னு நெனச்சு வெரட்டுவா, இதுக்கு இந்த வெலையா?" என்பேன், அவன் கத்துவான், நான் அதற்கு மேல் கத்துவேன், எங்கள் சத்தம் பட்டறையைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்கும், அவன் சாப்பாட்டு நேரம் வந்து தூக்குப்போசியைத் திறந்துகொண்டே கத்துவான், கடைசியில் என் விலைக்கு வந்து சேர்வான். அதுவரை வாணி ஆபீஸ் அறைக்கு வெளியே, பட்டறைக்குள் காத்திருப்பாள்.

ஊருக்கு விற்றது குறையென்றாலும் என் மகளுக்கு நான் ஒரு தரம்கூடக் குறைத்துணி உடுத்தினதில்லை. அவளுக்கென்று எடுக்கும்போது கடையில் புதுசு, முழு விலை. அவளிடம் எனக்குப் பிடிக்காத குறை ஒன்றே ஒன்று. வகிடு நேராக எடுக்க வராது. நெற்றியில் நேராய்ப் புறப்படும், உச்சிக்குப் போகும்போது வழி தெரியாத ஆள் மாதிரி இடப்பக்கம் ஒதுங்கிவிடும். தினமும் சீப்பைப் பிடுங்கி நானே நேராக்கி விடுவேன். பட்டறையிலிருந்து திரும்பும்போது பார்த்தால் மறுபடி கோணியிருக்கும்.

அவளைக் காய்ச்சல் கொண்டுபோனது. அதைப் பற்றிச் சொல்ல என் வாய்க்கு வரவில்லை, விட்டுவிடுங்கள்.

அடுத்த மாதமே பட்டறையிலிருந்து சென்னியப்பன் ஆள் அனுப்பினான், ஒரு பொதி விரிப்பு மொத்தமும் வீணாகிவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி. போனேன். வெள்ளைத் துணி, ஒரே சிவப்பில் செம்பருத்திப் பூ, வரிசை வரிசையாய். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அகலத்துக்குப் பூவே இல்லை, மொட்டை வெள்ளை. எல்லா விரிப்பிலும் அதே இடம். எப்படி நடந்தது என்பது பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். நீள மேசையில் துணியை ஒட்டி, எதிரும் புதிருமாய் இரண்டு பேர் நின்று பூ அச்சு இருக்கிற ஸ்கிரீன் சட்டத்தைப் பிடித்துச் சாயத்தை ஓர் இழுப்பு இழுத்தால் ஒரு கட்டம் பூ விழும். பக்கத்துக் கட்டத்தை உடனே அடித்தால் ஈரம் ஈரத்தோடு கலங்கும் என்று, போகும்போது ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் அடித்துக்கொண்டே மேசைக் கடைசிக்குப் போவார்கள், காய்ந்ததும் விட்ட கட்டங்களை நிரப்பிக்கொண்டே திரும்பி வருவார்கள். அப்படித் திரும்பி வரும்போது யாரோ ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள், ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு தரமும்.

"அடிச்ச பையனை வேலைய விட்டு நிறுத்திப்போட்டேனுங்கக்கா," என்று சொல்லிவிட்டு சென்னியப்பன் ஒரு விலை சொன்னான். நான் சரி என்று தலையை ஆட்டினேன். அவன் பயந்துபோய் அவனாகவே குறைத்தான். அதற்கும் தலையை ஆட்டினேன்.

"என்னுங்கக்கா, ஒண்ணும் பேசமாட்டேங்கறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"பொதியக் கட்டுடா," என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அன்றைக்குப் போனதுதான், அதற்குப் பிறகு சந்தையில் கேட்ட விலைக்குக் கொடுத்தேன், சொன்ன விலைக்கு வாங்கினேன், தக்காளிக்காரன் சில்லறை தரும்போதுகூட என்னைப் பரிதாபமாய்ப் பார்த்தான்.

வீட்டில் பொதியைப் பிரித்து உதறினபோது ஒரே ஒரு விரிப்பு மட்டும் பூக் குறையாமல் முழுசாய் இருந்தது. தவறி நல்ல சரக்கு ஒன்று சேர்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில், இது வாணிக்கு என்று எடுத்து அவள் கட்டிலில் விரித்தேன். விரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எடுக்கவும் மனசில்லாமல் அப்படியே விட்டுவிட்டு, மீதியைச் செவ்வாய்ச் சந்தையில் விற்றுத் தீர்த்தேன்.

முதலில் வந்தவர் டீக்கடை ரங்கநாயகியின் புருஷன் குழந்தைசாமி. போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அவள் விரிப்பை உதறிக் கட்டிலில் போட்டுவிட்டுத் தலையணை எடுக்கத் திரும்பினாள், திரும்பிப் பார்த்தால் பூவில்லாத இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார், அதே சிவப்புச் சாயத்தில், கோடு போட்டு வரைந்த மாதிரி, சாவியால் காதைக் குடைந்துகொண்டு. ரங்கநாயகி அலறவில்லை. "காலைக் கழுவிப்போட்டு ஏறுனா என்ன, இன்னைக்குத்தான் தொவச்சு விரிச்சிருக்கறேன்," என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுதாளாம், அதுவும் கடைக்கு நேரமாகிவிட்டதென்று கொஞ்ச நேரந்தான் அழுதாளாம்.

அந்த வாரத்துக்குள் விரிப்பு வாங்கின வீடுகள் எல்லாவற்றிலும் ஆள் வந்துவிட்டார்கள். ஏன் வந்தார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. சோப்புப் போட்டுத் துவைக்கலாமா, வெறும் தண்ணீரில் அலசினால் போதுமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். இஸ்திரி போடும்போது அவர்களுக்குச் சுடுமா என்று கேட்டார்கள். புதுசாய்க் கல்யாணமான ஒரு ஜோடியின் விரிப்பில் மாமனார் வந்து உட்கார்ந்துகொண்டார், பாவம், அந்தப் பெண் விரிப்பை மடித்துப் பூசை அலமாரியில் வைத்துவிட்டுத் தினமும் காலையில் எடுத்து அவருக்குப் பேப்பரை விரித்துக் காட்டிவிட்டு மறுபடி மடித்து வைத்தாள். அண்ணன் தம்பி இரண்டு பேர், எல்லாச் சொத்தையும் வேலி போட்டுப் பிரித்துக்கொண்டவர்கள், அம்மா வந்த விரிப்பை மட்டும் வெட்ட முடியாமல் மாதம் ஒரு வீடு என்று வைத்துக்கொண்டார்கள், மாறுகிற அன்று அண்ணன் பெண்டாட்டி விரிப்பையும் அது மேல் ஒரு போசி குழம்பையும் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து போவாள். ரேஷன் கடையில் ஒருத்தி, "எடுத்த பேரை மறுபடி கார்டுல சேத்தறதுக்கு யாரைப் பாக்கோணும்?" என்று கேட்டுப் பெரிய ரகளை. போலீஸ்காரர் ஒருத்தருக்கு மனுஷர் யாரும் வரவில்லை, அவர் சின்ன வயசில் வளர்த்த நாய் வந்தது, அதற்கே அவர் லீவு போட்டுவிட்டார்.

அவர்கள் எல்லோரும் குறையோடு வந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஒருத்தருக்கு முன்பல் இல்லை, ஒருத்திக்குக் கண்ணில் பூ விழுந்தது விழுந்தபடி, ஒருத்தருக்கு ஆறாவது விரல். குழந்தைசாமியின் மூக்குமேல் இருந்த மரு விரிப்பில் அப்படியே இருந்தது. சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தில் ஸ்டுடியோக்காரன் மருவை எடுத்து, முகத்தை வெளுத்து, காதை இரண்டு பக்கமும் சமமாக்கிக் கோட்டும் போட்டுவிட்டிருந்தான். ரங்கநாயகி விரிப்பையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா எவனுக்கோ ஊதுபத்தி காட்டியிருக்கறனே!" என்று படத்தைக் கழற்றிப் பரணில் போட்டாள். தெருத் தெருவாய்ப் படங்கள் இறங்கின, சுவரெல்லாம் சதுரம் சதுரமாய் வெளுப்பு.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் ஊருக்குத் துவைக்கிற நாள். மொட்டை மாடிக் கொடிகளில் விரிப்புகள் காய்ந்தன, காற்றடித்தால் செத்துப்போனவர்கள் பக்கத்து மாடிக்காரரைப் பார்த்துச் சாய்ந்தார்கள், நிமிர்ந்தார்கள், இத்தனை வருஷம் பேசாமல் விட்டதைப் பேசுகிற மாதிரி. கீழே தெருவில் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து உறவு சொல்லி விளையாடினார்கள். ஊரே சிவப்பும் வெள்ளையுமாய் அசைந்தது, பாருங்கள், அப்படி ஓர் அழகை எந்தக் கம்பெனியின் மாதிரிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

பட்டறை முதலாளி சும்மா இருப்பானா. சென்னையிலிருந்து டிசைன் படித்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். அவள் நல்ல பிள்ளைதான், வீடு வீடாய் வந்து பார்த்தாள், "கண்ணு எப்பவுமே சமமா இருக்கிறதுல வழுக்கிப் போயிடும், குறையிலதான் தங்கும்," என்றாள், அதையே நான் இருபது வருஷமாய்த் தொண்டை கிழியச் சொல்கிறேன், எனக்கு எவன் சம்பளம் கொடுத்தான்? கம்ப்யூட்டரில் அளந்து, கண்ணுக்கு இதமாய் நடுவைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, ஓரத்துப் பூவின் இதழ் பாதியில் வெட்டுப்படுகிற மாதிரி அழகாய் ஒரு வெள்ளையிடம் விட்டு விரிப்பு அடித்தார்கள். 'கைத்தவறு' என்று பேர் வைத்துக் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளில் போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒருத்தர்கூட வந்து உட்காரவில்லை. வேண்டுமென்று செய்த குறையும் ஒரு வேஷம்தானே, செத்துப்போனவர்களுக்கு வேஷத்தோடு என்ன வேலை?

இதெல்லாம் நடக்கும்போது என் வீட்டுக் கட்டிலில் பூக் குறையாத விரிப்பு கிடந்தது. செம்பருத்தி செம்பருத்தியாய், ஓர் ஆள் என்ன, ஒரு விரல் வைக்க இடமில்லாமல்.

நான் விற்றதைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். ஒவ்வொரு கதவாய்த் தட்டினேன். வாங்கினதற்கு எத்தனை மடங்கு வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். யார் தருவார்கள்? ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து என்னோடு சேர்ந்து அழுதார்கள், விரிப்பை மட்டும் தரவில்லை. நானாய் இருந்தாலும் தந்திருக்க மாட்டேன். ரங்கநாயகி கடைசியில் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அக்கா, சொன்னா அடிக்க வரக்கூடாது. பட்டறையில வேலைய விட்டு நிறுத்துனாங்களே, திருமூர்த்தின்னு ஒரு பையன், லைன் வீட்டுல இருக்கறான். அவனும் ஒண்ணு வாங்கியிருக்கறான். அதுல ஒரு புள்ளை உக்காந்துருக்குதாம். குனிஞ்ச தல, மொகம் தெரியலையாம். வகுடு மட்டும் தெரியுதாம்."

"வகுடு?"

"கோணலாம்."

செருப்புப் போட்டேனா என்று ஞாபகமில்லை.

ஒரே வரிசையாய்ச் சேர்த்துக் கட்டின லைன் வீட்டில் கடைசிக் கதவு. கயிற்றுக் கட்டில், அதில் விரிப்பு. கட்டிலில் ஆள் படுத்த சுருக்கமே இல்லை, பக்கத்தில் தரையில் பாய். விரிப்பில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் முகத்தைக் கவிழ்த்து, தரையில் ஒரு கையை ஊன்றி, இப்போது எழுந்துவிடப் போகிற மாதிரி. உச்சியில் இடப்பக்கம் ஒதுங்கிப் போகிற வகிடு.

அந்தப் பையனின் சட்டையைக் கொத்தாய்ப் பிடித்துவிட்டேன். "இவ எப்படிடா இங்க வந்தா? உனக்கும் இவளுக்கும் என்னடா?"

அவன் கையைத் தட்டிவிடவில்லை. ஒல்லிப் பையன், விரல் நகத்தில் இன்னும் சாயம். "மேசைக்கடியில உக்காந்துக்குமுங்கம்மா," என்றான். "சன்னலோரத்துக் காலுக்குப் பக்கத்துல. நீங்க ஆபீஸ்ல பேசிட்டு இருப்பீங்கல்ல, அப்பங்க."

"உக்காந்து?"

"பேசுமுங்க. நான் அடிச்சிட்டே கேப்பனுங்க. வகுடக் கலைச்சுக் கோணலா எடுத்துப்போட்டு, இப்பத்தான் நானாட்ட இருக்கறேன்னு சொல்லுமுங்க." அவன் விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "திரும்பி வர்றப்ப அந்த எடத்துல சாயம் இழுத்தா அது மேல தெறிக்குமுங்க. அதனால அந்தக் கட்டத்த மட்டும் விட்டுப்போட்டு மத்ததெல்லாம் அடிச்சு முடிப்பனுங்க. அது எந்திரிச்சுப் போனபொறவு வந்து அதையும் அடிச்சிருவேன். ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

"பொறவு?"

"அது ஒரேயடியாப் போனதுக்குப் பொறவும் கை அந்த எடத்துக்கு வந்தா நின்னுக்குமுங்கம்மா. எந்திரிக்கட்டும்னு நிக்குமுங்க. யாரும் எந்திரிக்கலீங்க. நான் எப்படி அடிக்கறதுங்க?"

சட்டையை விட்டேன். ஊரில் இருக்கிற சாவெல்லாம் வந்து உட்கார்ந்தது என் மகளுக்கென்று விட்டுவைத்த இடத்தில்.

"என்ன வேணும் சொல்லு," என்றேன். "வீட்ட எழுதித் தர்றேன். சந்தைக் கடையத் தர்றேன். இந்த விரிப்பு எனக்கு வேணும்."

அவன் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, நான்கு முனையையும் சேர்த்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி விரிப்பை மடித்து என் கையில் வைத்தான். "எடுத்துக்கங்கம்மா. நீங்க பெத்தவங்க." என் ஆயுசில் ஒரு சரக்கை இத்தனை லேசாய் யாரும் என்னிடம் கொடுத்ததில்லை, எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வாணியின் கட்டிலில் விரித்தேன். பூவில்லாத இடம் வெறும் வெள்ளையாய் இருந்தது. உதறி விரித்தேன். திருப்பி விரித்தேன். திட்டினேன், பெத்தவ வீடு உனக்குக் கசக்குதா என்று கேட்டேன். பிறகு இறங்கி வந்தேன். ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டாம், ஒரு மணி நேரம் போதும் என்றேன். சரி, அரை மணி. சீப்பை வெளியே வீசிவிட்டேன் பார், வகிட்டை இனிமேல் தொட மாட்டேன். முகத்தைக் காட்ட வேண்டாம், முதுகைக் காட்டிக்கொண்டாவது உட்காரு. இதுவரை யாரிடமும் அத்தனை தூரம் நான் இறங்கினதில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் இரண்டு விரிப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். அவன் கட்டிலில் அவனுடையதை விரித்த மறுகணம் வாணி வந்துவிட்டாள். ஆனால் நேற்றைக்கு ஊன்றியிருந்த கையோடு இன்று ஒரு முழங்காலையும் ஊன்றிப் பாதி எழுந்திருந்தாள்.

என் முழு விரிப்பை அவன் முன்னால் போட்டேன். "இதுல ஒரே ஒரு கட்டத்த எடுத்துக் குடு, கண்ணு. எம் பங்குக்கு ஒரு எடம்."

அவன் பூவின் மேல் விரலை வைத்துத் தடவினான், ரொம்ப நேரம் தடவினான். "விட்டதத்தான் அடிக்க முடியுமுங்கம்மா. அடிச்சத எடுக்க முடியாதுங்க."

தெரிந்ததுதான். எத்தனை வருஷம் பட்டறை வாசலில் நின்றவள் நான். இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறதே.

"முட்டி போட்டுட்டாளே," என்றேன். "எந்திரிக்கப் போறாளா?"

"கொஞ்ச நாளா இப்படித்தானுங்க, தெனமும் கொஞ்சம் கொஞ்சமா." அவன் பூவிலிருந்து விரலை எடுத்தான். "நீங்க வெல படிஞ்சு வெளிய வர்றப்ப இப்படித்தான் எந்திரிக்குமுங்க. உள்ள உங்க சத்தம் ஓங்கிக் கேட்டுட்டே இருந்தா எங்களுக்கு நிம்மதிங்க. சத்தம் அடங்குனா, போச்சு, படிஞ்சிருச்சுன்னு சொல்லிக் கையை ஊணிக்கும். 'எங்கம்மா இன்னும் செத்த நேரம் கத்துனா என்னவாம்'னு சலிச்சுக்குமுங்க."

என் மகள் மூச்சடங்கின நாளிலிருந்து நான் யாரிடமும் ஒரு விலைக்கும் வாயைத் திறக்கவில்லை. உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. விலை படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

வாணி முகத்தை நிமிர்த்துவாளா என்று ஒரு தரம் பார்த்தேன். கவிழ்ந்தே இருந்தது. பார்த்தது போதும் என்று வெளியே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தி, படியில் உட்கார்ந்தேன். தெருவில் வெங்காய வண்டிக்காரன் போய்க்கொண்டிருந்தான்.

"ஏய், நில்லு! என்ன வெல?"

அவன் சொன்னான்.

"இந்த அழுகல் வெங்காயத்துக்கா? உரிச்சா உள்ளார ஒண்ணுமில்ல, உன்ற மண்டையாட்ட!"

"ஏனுங்கக்கா காலங்காத்தால வம்புக்கு வர்றீங்க, இஷ்டம்னா வாங்குங்க, இல்லீனா உடுங்க!"

"உடறதா? உன்னைய உட்டாத்தானே நீ போவே!"

அவன் கத்தினான். நான் எழுந்து தராசைப் பிடித்துக்கொண்டு அதற்கு மேல் கத்தினேன். தொண்டை பழைய தொண்டையாய்த் திறந்துகொண்டது. லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் அந்தப் பையனின் குரல் கேட்டது, என்னைக் கூப்பிடவில்லை, எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னான்:

"உக்காந்துருச்சுங்கம்மா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் போனால் சத்தம் நின்றுவிடும்.

இப்போது தினமும் அந்தப் படியில்தான் இருக்கிறேன். வெங்காயக்காரன், உப்புக்காரன், பழைய இரும்புக்காரன், யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், ஊருக்கும் விஷயம் தெரியும், ஒருத்தன் மாற்றி ஒருத்தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தி அநியாய விலை சொல்கிறான். சென்னியப்பனே ஒரு நாள் ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினான். உள்ளே அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்களோ, எனக்குத் தெரியாது, அது என் காதுக்கானது இல்லை. என் மகள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் போவதில்லை.

தொண்டை கட்டிக்கொண்டால் ரங்கநாயகி சுக்குத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் என் இடத்தில் நின்று அவள் கத்துகிறாள். குடித்ததும் நான் எழுந்துகொள்கிறேன். விலை இன்னும் படியவில்லை.